ஃப்ரோகொஸ்ட்டுக்கு வந்து கூட்டிப் போ

சுன்னீவாவும் சிரித்துவிட்டாள். பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் தொடக்கம் அந்தச் சிரிப்புதான் என்று அவள் பல நாள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

செப்டம்பர் கடைசியில், நார்வேயின் ஹெல்கெலாந்து கடற்கரையை ஒட்டிய அவர்கள் தீவில் கலைவிழா நடக்கும். அந்த வருஷம் டென்மார்க்கிலிருந்து பிரெபென் என்ற ஓய்வுபெற்ற பேராசிரியரைப் பேச அழைத்திருந்தார்கள். தின்பதற்கும் குடிப்பதற்கும் நாம் சொல்கிற சொற்கள் எங்கிருந்து வந்தன என்பதுதான் ஆயுள் முழுக்க அவர் செய்த ஆராய்ச்சி. எழுபதைத் தாண்டிய ஆள், தாட்டியான உடம்பு, கழுத்தில் எப்போதும் ஒரு சிவப்புத் துண்டு. துணைக்கு மகள் விபெக்கே வந்திருந்தாள். அவர் டேனிஷில்தான் பேசினார். டேனிஷும் நார்வேஜியனும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி. நிதானமாகப் பேசினால் ஹெல்கெலாந்து கடற்கரையில் எவருக்கும் புரியும்.

நன்றாகவே பேசினார், அதில் குறை சொல்ல முடியாது. வெண்ணெய் தடவிய ரொட்டித் துண்டை ஸ்வீடன்காரர்கள் ஏன் 'வெண்ணெய் வாத்து' என்கிறார்கள் என்று கேட்டுவிட்டு, கடையும்போது மோரின் மேல் மிதக்கும் வெண்ணெய்த் திரளைப் பார்த்தால் குளத்தில் வாத்து மிதக்கிற மாதிரி இல்லையா என்றார். கோப்பையைத் தூக்கி 'ஸ்கோல்' என்கிறோமே, எதிரியின் மண்டையோட்டில் குடித்தார்கள் என்பதெல்லாம் கட்டுக்கதை, அந்தச் சொல்லுக்கு வெறும் கிண்ணம் என்றுதான் அர்த்தம் என்றார். பியரைக் குறிக்கிற 'ஓல்' ஒரு காலத்தில் விருந்துக்கே பேராக இருந்ததாம். பிள்ளை பிறந்தால் பிள்ளை ஓல், ஆள் செத்தால் கல்லறை ஓல். கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஓல் காய்ச்சாத வீட்டுக்குப் பழைய சட்டத்தில் அபராதமே உண்டு என்றபோது அரங்கம் கலகலத்தது.

அதற்குப் பிறகுதான் அவர், பல நூறு வருஷம் முன்னால் இந்தப் பக்கம் வந்து கடை போட்ட ஜெர்மன் வியாபாரிகளுக்கு வந்தார். சமையலறைக்கு நீங்கள் சொல்கிற சொல் அவர்கள் கொண்டுவந்தது, பன்றித் தொடைக்கறிக்குச் சொல்கிற சொல்லும் அவர்களுடையது என்று விரல் மடக்கிக்கொண்டே போனார். பின்வரிசையிலிருந்து சுன்னீவாவின் கணவன் ஸ்டீனார் எழுந்து நின்றான். தீவுகளுக்கு இடையே வாடகைப் படகு ஓட்டுகிறவன். பள்ளிப் பிள்ளைகளையும் மளிகைச் சாமான்களையும் ஏற்றி இறக்குவது அவன்தான். பெரிய உருவம், மெதுவான பேச்சு. பொது இடத்தில் வாய் திறக்கிற வழக்கமே இல்லாதவன்.

"அப்ப எங்க மேசையில எங்களோடதுன்னு என்னதான் மிச்சம்?"

பிரெபென் யோசிக்கிற மாதிரி பாவனை செய்தார். "இருக்கே. காஞ்ச மீன் இருக்கு. அப்புறம் தண்ணி."

கூட்டம் சிரித்தது. ஸ்டீனார் உட்காரவில்லை. காலைச் சாப்பாட்டுக்கு எங்கள் ஆட்கள் முன்னே என்ன சொன்னார்கள் என்று கேட்டான். குரல் சற்று இறுகியிருந்தது.

"துகுர்னு சொன்னாங்க. அருமையான சொல். நீங்கதான் தூக்கிப் போட்டீங்க. ராத்திரிச் சாப்பாட்டுக்கு நாட்வேர்னு ஒண்ணு இருந்துச்சு. அதைக் கோயிலுக்குத் தானம் பண்ணிட்டீங்க, இப்ப திருவிருந்துக்கு மட்டும்தான் அந்தப் பேர், பாதிரியார்தான் அதைச் சாப்பிடுறார். ஆக மொத்தம், பசிக்குதுன்னு சொல்லணும்னாகூட வெளியூர்ல கடன் வாங்கணும் நீங்க."

சுன்னீவா சிரித்தது இந்த இடத்தில்தான். ஸ்டீனார் திரும்பினான். முழு அரங்கமும் சிரித்துக்கொண்டிருக்க, அவன் கண் அவள் வாயில் வந்து நின்றது.  வீட்டு வாசலில் காலணியைக் கழற்றும்போது, "நல்லா சிரிச்சே" என்றான்.

மறுநாள் காலை அவனுக்கு பிரெபெனையே ஏற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தது. வாரக் கணக்கில் முன்னாடியே பேசி வைத்த ஏற்பாடு. வெளிக்கடலை ஒட்டி, ஆளில்லாத ஒரு பாறைத் தீவு இருக்கிறது, நீர்க்காகத் திட்டு என்று பேர். அந்தக் காலத்து மீனவர்கள் அங்கே ஓல் காய்ச்சிய குடிசையின் கல்சுவர்களும் தானியம் உலர்த்திய அடுப்பும் இடிபாடாகக் கிடக்கின்றன. பேராசிரியருக்கு அதைப் பார்த்துப் படம் எடுக்க வேண்டும். நேற்றைய பேச்சுக்குப் பிறகு ஸ்டீனார் போகமாட்டான் என்று சுன்னீவா நினைத்தாள். ஆனால் அவள் முதியோர் இல்லத்து வேலைக்குக் கிளம்பும்போதே படகு துறையில் இல்லை.

அவள் பிற்பகலில் திரும்பியபோது ஸ்டீனார் அடுக்களையில் உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தான். வானொலியில் சாயங்காலத்துக்குத் தென்மேற்கிலிருந்து பலத்த காற்று என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். டேனிஷ்காரரைக் கூட்டி வந்தாயிற்றா என்று கேட்டாள். நாளைக் காலையில்தான், ஃப்ரோகொஸ்ட்டுக்கு வந்து கூட்டிப் போ என்று சொன்னார், பை பெரிதாக இருந்தது, கூடாரம் வைத்திருப்பார் என்றான். இந்தக் காற்றிலா என்றாள். அவர் சொன்னதைத்தானே நான் செய்ய முடியும் என்று கிழங்கைப் பார்த்தபடியே பதில் வந்தது. அவளுக்கு என்னவோ போல் இருந்தது. ஆனாலும் மீனை அடுப்பில் வைத்தாள்.

மூன்றரை மணி வாக்கில், அந்த ஊர் வழக்கப்படி அன்றைய பெரிய சாப்பாட்டுக்குத் தட்டு போடும் நேரத்தில் கதவு தட்டப்பட்டது. விபெக்கே நின்றாள். நாற்பது வயதிருக்கும். விருந்தினர் விடுதியிலிருந்து ஓடி வந்திருக்கிறாள் என்பது மூச்சிலேயே தெரிந்தது.

"அப்பா எங்க? மத்தியானத்துலேருந்து பார்த்துக்கிட்டே இருக்கேன். போன் போகலை."

ஸ்டீனார் நாற்காலியில் இருந்தபடியே சொன்னான், "நாளைக்குக் காலையில போய்க் கூட்டிட்டு வரணும். ஃப்ரோகொஸ்ட்டுக்குன்னு சொன்னார்."

"நாளைக்கா?" அவள் அவனையே பார்த்தாள். "ஃப்ரோகொஸ்ட்டுன்னா மத்தியானம்."

"எங்க ஊர்ல காலை."

 'அதிகாலைத் தீனி' என்பதுதான் அந்தச் சொல்லுக்குப் பிறவி அர்த்தம். நார்வேயில் அது காலையிலேயே நின்றுவிட்டது. டென்மார்க்கில் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப் போய் நடுப்பகலில் உட்கார்ந்துகொண்டது. காலையில் சாப்பிடுவதற்கு அவர்கள் வேறு பேர் வைத்துக்கொண்டார்கள். இரண்டு நாட்டுக்காரர்களும் சந்திக்கிற இடத்தில் எப்போதும் சொல்லிச் சிரிக்கிற விஷயம்தான் இது.

விபெக்கே சிரிக்கவில்லை. அவள் நேற்று அரங்கத்தில் முதல் வரிசையில் இருந்தவள். அவள் என்ன நினைக்கிறாள் என்பது முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. ஆனால் வாயைத் திறந்தபோது வேறு விஷயம் வந்தது. அப்பாவுக்குச் சர்க்கரை வியாதி. காலையில் போடுகிற இன்சுலின் மத்தியானச் சாப்பாட்டையும் கணக்கில் வைத்துப் போடுவது. ரை ரொட்டி இரண்டு துண்டு தின்றுவிட்டுப் போனவர், ஒரு குடுவைக் காப்பி மட்டும்தான் கையில். பை நிறைய கேமராவும் அதைத் தாங்கும் முக்காலியும். சர்க்கரை இறங்கினால் வாயில் போட்டுக்கொள்ளும் இனிப்பு மாத்திரை விடுதி அறையில் வேறு கோட்டுப் பையில் கிடக்கிறது.

சுன்னீவாவின் கை கரண்டியிலேயே நின்றது. முதியோர் இல்லத்தில் இருபது வருஷமாக இந்த வியாதியோடு பழகுகிறவள் அவள். மத்தியானம் சாப்பிடாமல் இவ்வளவு நேரம், அதுவும் குளிரில், பாறையில். அவள் ஸ்டீனாரின் முகத்தைப் பார்த்தாள். அதில் ரத்தம் இல்லை.

அப்போதுதான் அவளுக்கு ஸ்காகென் ஞாபகம் வந்தது. கல்யாணத்துக்கு முன் ஸ்டீனார் அந்த டேனிஷ் துறைமுகத்தில் இரண்டு வருஷம் மீன்பிடிக் கப்பலில் வேலை செய்தவன். முதல் நாள் ஃப்ரோகொஸ்ட் கேட்டுக் காலையிலேயே போய் நின்றதற்குச் சமையல்காரன் கரண்டியைத் தூக்கிக்கொண்டு விரட்டினான் என்று அவளோடு பழகிய புதிதில் நடித்தே காட்டியிருக்கிறான். இந்த ஊரில் அந்தச் சொல்லின் இரண்டு அர்த்தமும் பட்டுத் தெரிந்துகொண்ட ஒரே படகுக்காரன் அவன்தான்.

அவள் அதைச் சொல்லவில்லை. அடுப்பை அணைத்தாள்.

மீட்புப் படைக்கு விபெக்கே போன் செய்தாள். மீட்புப் படகு வடக்கே, எஞ்சின் நின்றுபோன ஒரு கப்பலைக் கட்டி இழுத்துக்கொண்டிருந்தது. ஹெலிகாப்டர் பெருநிலத்தில் வேறு ஆளைத் தூக்கப் போயிருந்தது. வருகிறோம், ஆனால் நேரமாகும் என்றார்கள். ஸ்டீனார் அதற்குள் மழைச்சட்டையை மாட்டிக்கொண்டிருந்தான். தானும் வருவேன் என்று விபெக்கே நின்றாள். யாராவது துறையில் நின்று மீட்புப் படையோடு பேசிக்கொண்டிருக்க வேண்டும், படகைப் பிடித்து நிறுத்தத் தெரிந்தவள் நான்தான் என்று சொல்லிச் சுன்னீவா ஏறிக்கொண்டாள். அலமாரியிலிருந்து சர்க்கரைப் பாகு புட்டியையும், ராஸ்பெர்ரிச் சாறையும், கம்பளிகளையும் பையில் அள்ளிப் போட்டிருந்தாள்.

துறைமுகத்துத் தடுப்பைத் தாண்டினார்கள். வெளியே வந்ததும் அலை படகைத் தூக்கிப் போட்டது. தெற்கே வானம் ஈயம் பூசின மாதிரி இருந்தது. ஓட்டுகிற அறையில் ஒருவரை ஒருவர் உரசாமல் நிற்க முடியாது.

"ஸ்காகென்ல ரெண்டு வருஷம் இருந்தே," என்றாள் அவள்.

அவன் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அந்தச் சமையல்காரன் கதையை எத்தனை தடவை சொல்லியிருக்கே என்கிட்ட."

"தெரியும்."

"காலையில அவர் சொன்னப்ப என்ன நினைச்சே, அதைச் சொல்லு."

ஒரு பெரிய அலை வந்தது. அவன் வேகத்தைக் குறைத்து, படகை அதன் முதுகில் ஏற்றி இறக்கிவிட்டுத்தான் பதில் சொன்னான். "ரெண்டு அர்த்தமும் காதுல விழுந்துச்சு. நான் நம்ம ஊர் அர்த்தத்தை எடுத்துக்கிட்டேன்."

"எடுத்துக்கிட்டியா."

"நம்ம கடல், நம்ம படகு. இங்க நம்ம ஊர்ப் பேச்சு பேசட்டும்னு தோணுச்சு. கொஞ்ச நேரம் பாறையில உக்காந்து குளிரட்டும், காத்து எழும்புறதுக்கு முன்னாடி போயிடலாம்னு இருந்தேன். ஊசி விஷயம் எனக்குத் தெரியாது சுன்னீவா."

 சொல்ல வந்தது எதுவும் அந்த அறைக்குள் சொல்லக்கூடியதாக இல்லை. பதிலாக, வேலையைப் பற்றிப் பேசினாள். சர்க்கரை இறங்கினால் மனுஷனுக்கு ஆள் அடையாளம் தெரியாது, அடிப்பார், கடிப்பார், அதைப் பொருட்படுத்தாதே. விழுங்க முடிகிற நிலையில் இல்லையென்றால் சாற்றை வாயில் ஊற்றாதே, மூச்சில் போய்விடும். பாகை விரலில் எடுத்துக் கன்னத்துக்குள் தேய். அவன் தலையாட்டிக்கொண்டே கேட்டான்.

நீர்க்காகத் திட்டு தெரிந்தபோது வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. படகு அணைகிற இடம் என்று ஒரே ஒரு பாறை விளிம்புதான், இரும்பு வளையம் அடித்தது. அங்கே ஆளில்லை. முக்காலி மட்டும் கவிழ்ந்து கிடந்தது. காலையில் காய்ந்திருந்த விளிம்பில் இப்போது அலை ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. மேலே, பாதி இடிந்த கல்சுவருக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு தெரிந்தது. பிரெபெனின் கழுத்துத் துண்டு.

கயிறு கட்டி நிறுத்த வழியில்லை. சுன்னீவா சுக்கானைப் பிடித்துப் படகின் மூக்கைப் பாறைக்குக் கொடுத்தாள். பாகு புட்டியைச் சட்டைப் பையில் செருகி, கயிற்றைத் தோளில் மாட்டிக்கொண்டு, அலை தூக்கிய கணத்தில் ஸ்டீனார் குதித்தான். முட்டி அடிபட்டு எழுந்து மேலே ஏறினான். அவள் பின்வாங்கி, கல்லில் மோதாத தூரத்தில் எஞ்சினை முறுக்கி முறுக்கிப் படகை நிறுத்திவைத்தாள்.

அங்கிருந்து அவளால் பார்க்க மட்டுமே முடிந்தது. பிரெபென் எழுந்து நின்றார். சட்டைப் பித்தானெல்லாம் திறந்து கிடந்தது. ஸ்டீனார் அருகில் போனதும் கையிலிருந்த காப்பிக் குடுவையால் அவன் முகத்தில் ஓங்கி அடித்தார். ஸ்டீனார் தடுமாறினான். அவர் கடல் பக்கமாகத் திரும்பி நடக்க ஆரம்பித்தார். அங்கே பாறை செங்குத்தாக இறங்குகிறது. ஸ்டீனார் பின்னாலிருந்து பாய்ந்து அவரைக் கீழே தள்ளினான். இரண்டு பேரும் புரண்டார்கள். பிறகு அவள் கணவன் அந்தக் கிழவரின் மார்பில் முழங்காலை வைத்து அழுத்தி, ஒரு கையை அவர் வாயருகே கொண்டுபோவது தெரிந்தது.

தான் சொல்லி அனுப்பியதைத்தான் செய்கிறான் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும், அந்த நேரத்தில் அவள் மனதில் ஓடிய எண்ணத்தை அவள் பிறகு எவரிடமும் சொன்னதில்லை. அவன் பேரைச் சொல்லிக் கத்தினாள். காற்று அதை அவள் வாயிலேயே திருப்பி அடைத்தது. அடுத்த அலை படகைப் பக்கவாட்டில் தள்ள, அவள் திட்டின் முனையைச் சுற்றிக்கொண்டு வர வேண்டியதாயிற்று. அந்த நேரம் முழுக்க அவர்கள் இருவரும் பாறைக்குப் பின்னால் மறைந்திருந்தார்கள். 

திரும்பி வந்தபோது ஸ்டீனார் சுவரோரம் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். பிரெபெனைத் தன் மழைச்சட்டைக்குள் இழுத்து, முதுகைத் தன் மார்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தான். அவன் மூக்கிலிருந்து வடிந்த ரத்தம் அவர் நரைத்தலையில் சொட்டிக்கொண்டிருந்தது. கிழவர் பாகு ஒட்டிய தன் விரல்களைப் பிள்ளை மாதிரி ஒவ்வொன்றாகச் சப்பிக்கொண்டிருந்தார்.

சுன்னீவா படகின் மூக்கை மறுபடி பாறைப் பக்கம் திருப்பினாள். 

அவரை ஏற்றுவதுதான் மிகப் பெரிய பாடாக இருந்தது. ஸ்டீனார் அவர் இடுப்பில் கயிறு கட்டி விளிம்புக்கு இறக்கினான். இரண்டு தடவை அவள் மூக்கைக் கொண்டுவந்தாள், இரண்டு தடவையும் அலை விலக்கிவிட்டது. மூன்றாம் தடவை பாறையில் உராய்ந்து வண்ணம் பெயரும் சத்தத்தோடு படகு நின்றது. ஸ்டீனார் அவரை உள்ளே உருட்டிவிட்டுத் தானும் விழுந்தான். கம்பியைப் பிடித்திருந்த அவன் இடது கை படகுக்கும் கல்லுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. அவன் கத்தவில்லை. கையை இழுத்துப் பார்த்தபோது இரண்டு விரல்கள் போகக்கூடாத பக்கம் திரும்பியிருந்தன.

திரும்புகிற வழி முழுக்க அவள்தான் ஓட்டினாள். தரையில் கம்பளிக்குள் கிடந்த பிரெபெனுக்கு ஸ்டீனார் நல்ல கையால் சாற்றை வாய் வாயாகக் கொடுத்தான். பாதி வழியில் கிழவருக்குக் கண் தெளிந்தது. யார் என்று பார்த்தார். மணி கேட்டார். சொன்னார்கள்.

"அப்ப ஃப்ரோகொஸ்ட் போச்சு," என்று முணுமுணுத்தார்.

ஸ்டீனார் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

துறைக்கு வெளியே மீட்புப் படகு எதிரே வந்தது. அதிலேயே பிரெபெனையும் ஸ்டீனாரையும், துறையில் நின்ற விபெக்கேயையும் ஏற்றிக்கொண்டு பெருநிலத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். சுன்னீவா மறுநாள் பயணிகள் கப்பலில் போய்ச் சேர்ந்தாள். ஸ்டீனாரின் விரல்களுக்குக் கட்டுப் போட்டாகிவிட்டது, வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். அவன் உடனே கிளம்பவில்லை. கிழவரைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றான். அவள் அவனை எதுவும் சொல்லச் சொல்லவில்லை. கூடப் போனாள்.

பிரெபென் படுக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்து, தயிரைக் கரண்டியால் வழித்துக்கொண்டே செவிலியிடம் கதை சொல்லிக்கொண்டிருந்தார். ரெண்டு நாடு, ஒரு வார்த்தை, நடுவில் ஒரு முட்டாள், அந்த முட்டாள் நான்தான் என்றார். காலையில் விசாரித்த போலீஸ்காரரிடமும் தப்பு தன் மேல்தான் என்று சொல்லியாயிற்றாம். மகள் ஜன்னலோரம் நின்றிருந்தாள். அவள் முகத்தில் தூக்கமே இல்லை. இவர்களைப் பார்த்ததும் செவிலி வெளியே போனாள்.

ஸ்டீனார் கட்டிலின் கால்மாட்டில் நின்றான்.

"நான் ஸ்காகென்ல ரெண்டு வருஷம் மீன் பிடிச்சேன்."

பிரெபெனின் கரண்டி கிண்ணத்தில் இறங்கியது. "அப்ப உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"அன்னைக்கு அரங்கத்துல நான் பேசினதுக்கா?"

"ஆமா."

"வேற ஒண்ணும் இல்லையா?"

"இல்லை. அப்ப அதுவே போதும்னு இருந்துச்சு."

கிழவர் தயிர்க் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார். சிரிப்பும் மேடைப்பேச்சும் அவரை விட்டுப் போயிருந்தன. "படகுலேருந்து இறங்கிட்டு நான் அந்த வார்த்தையைச் சொன்னதும் நீங்க ஒரு தடவை என் முகத்தைப் பார்த்தீங்க. இவருக்குச் சந்தேகம்னு எனக்குப் புரிஞ்சுது. உங்க ஊர்ல அதுக்கு என்ன அர்த்தம்னு பக்கம் பக்கமா எழுதினவன் நான். ஒரு மணிக்கு வாங்கன்னு சொல்லியிருந்தா முடிஞ்சுது. சொல்லலை. புரியலைன்னா இவரே கேக்கட்டும், நேத்து கேட்ட மாதிரின்னு விட்டுட்டேன்."

"ரெண்டு பேரும் நல்லா விளையாடியிருக்கீங்க," என்றாள் விபெக்கே. குரல் உயரவில்லை. அப்பாவை விட்டுவிட்டு ஸ்டீனாரைப் பார்த்தாள். "உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னு ராத்திரி பூரா யோசிச்சுக்கிட்டிருந்தேன். இப்ப என்னால முடியலை." வெளியே போய்விட்டாள்.

சுன்னீவா தாழ்வாரத்தில் அவளை எட்டிப் பிடித்தாள். என்ன சொல்வதற்காக வந்தோம் என்று அவளுக்கே தெரியவில்லை. விபெக்கேதான் கேட்டாள்.

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"நீங்க எங்க வீட்டுல நின்னு அது மத்தியானம்னு சொன்னப்பவே."

"அப்பவே ஏன் சொல்லலை?"

"அப்ப எனக்குப் படகு வேணும். அதை அந்தப் பாறைகிட்ட கொண்டுபோக அவன் வேணும். நீங்க அங்க அவனோட சண்டை போட்டிருந்தா நேரம் போயிருக்கும்."

விபெக்கே அவளைப் பார்த்தாள். அதை ஏற்றுக்கொண்டாளா என்பது தெரியவில்லை. தலையை ஒருமுறை அசைத்துவிட்டுக் காப்பி இயந்திரத்தை நோக்கி நடந்தாள். அதன் பிறகு சுன்னீவா அவளைப் பார்க்கவே இல்லை. பிரெபென் தேறி, இரண்டு நாளில் இருவரும் கோபன்ஹேகனுக்குப் போய்விட்டதாகப் பின்னால் கேள்விப்பட்டாள்.

கப்பலில் திரும்பும்போது ஸ்டீனார் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தான். "அந்தப் பொண்ணு வரலைன்னாலும் நான் போயிருப்பேன்" என்றான்.

"எப்ப?"

"நாலு, நாலரைக்கு."

"சாப்பிட்டு முடிச்சிட்டா?"

 அவள் எழுந்து மேல்தளத்துக்குப் போய், தீவு வரும் வரை காற்றிலேயே நின்றாள்.

ஊரில் அவனே சொன்னான். அந்த வாரக் கடைசியில், கடையின் மூலையில் ஆண்கள் காப்பி குடிக்கக் கூடுகிற இடத்தில், ஸ்காகென் முதல் பாறை வரை ஒன்றையும் மறைக்காமல் சொன்னான். மாவு வாங்கப் போயிருந்த சுன்னீவா ரொட்டி அடுக்குக்குப் பின்னால் நின்று கேட்டாள். எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள், பள்ளிப் பிள்ளைகளை இனி இவன் படகில் ஏற்றமாட்டார்கள் என்றுதான் அவள் பயந்திருந்தாள்.

 யாரோ குபீரென்று சிரித்தார்கள். இன்னொருவன் மேசையைத் தட்டினான். "அந்த ஆளுக்கு நல்லா வேணும். நம்மகிட்ட காஞ்ச மீனும் தண்ணியும்தானாமே. அதுகூட இல்லாம உக்கார வெச்சுட்டியே" என்று ஸ்டீனாரின் தோளில் அறைந்து ஒருவன் அவன் கோப்பையை நிரப்பினான். மறுபடி சொல்லு, கிழவன் குடுவையால அடிச்சானாமே, அந்த இடத்தைச் சொல்லு என்றார்கள்.

ஸ்டீனார் எழுந்தான். நிரப்பிய கோப்பையைத் தொடவில்லை. "அவர் செத்திருப்பார்டா," என்றான், அந்தச் சிரிப்புக்கு நடுவே, அவனுடைய மெதுவான குரலில். எத்தனை பேர் காதில் விழுந்ததோ. தொப்பியை எடுத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல், ரொட்டி அடுக்கைத் தாண்டி வெளியே நடந்தான். அவள் அங்கே நின்றதைக்கூட அவன் கவனிக்கவில்லை.

அன்றைக்குத்தான் சுன்னீவாவுக்கு அவன் மேல் இருந்த கோபம் கொஞ்சம் இறங்கியது. மாவை அடுக்கிலேயே வைத்துவிட்டு அவன் பின்னாலேயே போனாள். துறைக்குப் போகும் சரிவில் அவனை எட்டிப் பிடித்து, அவன் நல்ல கைப் பக்கமாகச் சேர்ந்து நடந்தாள்.